ரேடாரில் தொலைந்த ஐந்தரை மணி நேரம்

பூதலூர்,
ஐப்பசி 4, செவ்வாய் காலை.

அன்பு மகள் குந்தவைக்கு அப்பா எழுதுவது. இங்கு உன் அம்மாவும் மாடுகளும் நலம். நானும் நெல்லும் நலமில்லை. சென்னையில் நீயும், உன் புயல் ஆராய்ச்சியும், அந்த ரேடாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று திகைக்காதே. இனிப் போனைத் தொடுவதில்லை என்று உன் அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டேன்.

போன மாதம் லீவில் வந்தபோது ரேடார் படம் பார்க்கக் கற்றுக்கொடுத்தாயல்லவா? பெருமழை இருக்கும் இடம் சிவப்பு என்றாய். அன்றிலிருந்து நெல் கொள்முதல் நிலையத்தில் எனக்கு ராஜமரியாதை. குறுவை நெல்லைக் கொட்டிவிட்டுக் காத்திருக்கும் பதினோரு குடும்பமும் நான் போனைப் பார்த்துச் சொன்னால்தான் தார்ப்பாயைப் போடுவதும் எடுப்பதும். நேத்து மத்தியானம் மூணு மணிக்குக் கிழக்கே கருகருன்னு வருது. படத்துல நம்ம ஊர்ப் பக்கத்துலயே ரத்தச் சிவப்பு. கீழே நேரம் பார்த்தா ஒன்பதரை. அடடா, இது காலையில எடுத்த படம், அந்த மழை எப்பவோ திருச்சி தாண்டியிருக்கும்னு முடிவு பண்ணி, "தார்ப்பாயை எடுங்க, நல்லாக் காயட்டும்"னு கத்தினேன். பக்கத்து நெல் அம்பாரத்துக்காரி ராஜாத்தி, "அண்ணே, தலைக்கு மேல பாருங்க"ன்னா. "சும்மா இரு, இது விஞ்ஞானம்"னேன். கால் மணி நேரத்துல கொட்டுச்சு பாரு! பதினோரு அம்பாரமும் ஊறிப்போச்சு. பதினேழு சதவீதத்துக்குள்ள இருக்கவேண்டிய ஈரப்பதம் மிஷின்ல இருபத்தஞ்சு காட்டுது. இன்னொரு மழை விழுந்தா முளை விட்டுடும், ஒரு மூட்டைகூட எடுக்க மாட்டாங்க.

உனக்குப் போன் பண்ணிக் கேட்டா, "அப்பா, அது உலக நேரம்பா, அஞ்சரை மணி கூட்டிக்கணும், அன்னிக்கே சொன்னேன், நீங்க காபி எங்கேன்னு கேட்டுக்கிட்டிருந்தீங்க"ன்னு சிரிக்கிறே. மழை எங்க தலையில விழுது, நேரம் மட்டும் வேற யாரோடதா? இதைச் சொன்னதுக்கு ராஜாத்தி என்ன சொல்றா தெரியுமா? "உங்க பொண்ணும் மிஷின்லதான் பார்க்குது, நீங்களும் போன்லதான் பார்க்குறீங்க, வீட்ல ஒருத்தராவது அண்ணாந்து பாருங்கண்ணே!" இன்னிக்குக் களத்துல யாரும் எனக்கு முகங்கொடுத்துப் பேசலை.

ஆகவே, ரேடாரைத் தலைமுழுகிவிட்டேன். இனி எனக்கு என் கண்தான். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, உலக நேரப்படி அல்ல. நம்மூர் மாரியம்மன் உனக்குத் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா அமிர்தலிங்கம்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும் முன் ஒரே ஒரு தடவை, உன் அம்மாவைப் போனைப் பிடிக்கச் சொல்லி, கை படாமல் பார்த்தேன். கிழக்கே சிவப்பு. நேரம் 5.10. அஞ்சரையைக் கூட்டினேன், 10.40. சுவர்க் கடிகாரத்துல 10.50! ஓடினேன். வெயில் சுள்ளுன்னு அடிக்குது, நான் கத்துறேன், ஒருத்தரும் அசையலை. ராஜாத்திதான் என் மூஞ்சியைப் பார்த்துட்டு, "அண்ணன் இன்னிக்குக் கூட்டிட்டாரு, இழுங்கய்யா!"ன்னா. காயப்போட்ட நெல்லையெல்லாம் குவிச்சு மூடிக் கொஞ்ச நேரத்துல மழை. இன்னிக்கு ஒரு நெல்மணிகூட நனையலை. எனக்கு அழுகையே வந்துடுச்சு. இப்ப பதினோரு குடும்பமும் என்னைச் சுத்தி நின்னு மழை எப்ப விடும்னு கேட்குது. அதை எந்தக் கலர்ல பார்க்கணும்? கடிதம் வந்துசேர மூணு நாள் ஆகும். போன் பண்றேன், எடு.