மூன்று டப்பாவும் ஒரு மச்சானும்

பல் டாக்டர் காலையில் பல் துலக்கும்போதே சபதம் எடுத்துவிட்டார். வீட்டு வைஃபையைத் தானே சரிசெய்வது. செத்தாலும் மச்சானைக் கூப்பிடுவதில்லை.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. நெட்வொர்க் இன்ஜினியர். எப்போதோ இந்த வீட்டு டிவிக்கு ஒரு ஒயர் மாற்றிக் கொடுத்ததை இன்னும் விருந்துக்கு விருந்து சொல்லிக்கொண்டு திரிகிறவன். வைஃபைக்கும் அவனே வந்தால் டாக்டர் சொந்தக்காரர் யார் முகத்திலும் முழிக்க முடியாது.

அதனால்தான் மெஷ் வைஃபையை அவரே ஏணி போட்டு மாட்டியிருந்தார். ஹாலில் ஒன்று, மாடிப்படி ஓரம் ஒன்று, மாடி அறையில் ஒன்று. மூன்று வெள்ளை டப்பாவும் கைகோத்துக்கொண்டு வீடு முழுக்க நெட் கொடுக்கும். அதை மேய்க்கிற ஆப் மட்டும் மனைவியின் போனில். டாக்டர் போனில் இடமில்லை. பாதிக்கு மேல் செஸ் பாடங்கள்.

கொஞ்ச நாள் ஜோராக ஓடியது. இப்போதோ சாயங்காலம் மாடியில் செஸ் ஆட உட்கார்ந்து ராணியைத் தொட்டால் போதும், நெட் போய்விடுகிறது. திரும்பி வருவதற்குள் ஆட்டம் கோவிந்தா. கீழே இருப்பவர்களுக்கு ஒரு குறையும் இல்லை.

"எந்த வலிக்கும் வேர்னு ஒண்ணு இருக்கும். அதைப் பிடுங்காம விடமாட்டேன்," என்றார் மனைவியிடம்.

கணக்கு டீச்சரான மனைவி விடைத்தாளிலிருந்து நிமிரவில்லை. "ஏங்க, படிக்கட்டு டப்பா பக்கத்துல இரும்பு பீரோ நிக்குதே. அது மறைக்குதோ என்னமோ?"

டாக்டருக்குப் பொறி தட்டியது. தம் கட்டி பீரோவைத் தள்ளினார். இடுப்பு பிடித்துக்கொண்டது. நெட் இரண்டு நாள் நிற்காமல் ஓடியது. அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி.

"தண்ணியும் மறைக்குமாமே," என்றாள் மனைவி. "மீன் தொட்டி?"

தொட்டியைக் காலிசெய்து, பாசி தேய்த்து, மூலை மாற்றினார். மறுபடி இரண்டு நாள்.

"மாடி டப்பாவுக்கு நேர் மேலதாங்க பரண். அவ்வளவு ஓட்டை உடைசல் கிடந்தா பாவம், அது என்ன பண்ணும்?"

தும்மித் தும்மிப் பரணை ஒழித்தார்.

அதற்குப் பிறகும் ஒரு சாயங்காலம், ஜெயிக்கிற ஆட்டத்தில் நெட் போனது. லேப்டாப்பும் கையுமாகக் கீழே ஓடிவந்தார். மேசைமேல் மனைவியின் போன். திரையில் அவருடைய லேப்டாப்பின் பெயர். கீழே, 'இணைப்பு நிறுத்தப்பட்டுள்ளது.'

"இது, பொண்ணு பரீட்சைக்குப் படிக்கட்டும்னு அவ போனுக்கு நெட்டை நிறுத்த நான் உனக்குக் காட்டின பட்டன் இல்ல?"

"ஆமாங்க. புரியற மாதிரி காட்டினீங்க."

"நான் இங்க நாயா அலைஞ்சு வேரைத் தேடிட்டிருக்கேன்!"

"பீரோவை நகர்த்துங்கன்னு நான் எத்தனை வருஷமா சொல்றேன்?"

டாக்டருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "இதை சும்மா விடமாட்டேன். இப்பவே உங்கம்மாகிட்ட சொல்றேன்."

"தாராளமா சொல்லுங்க. தம்பியும் அங்கதான் இருக்கான். நானே போன் போட்டுத் தரேன்."

டாக்டர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவி அடுத்த விடைத்தாளை எடுத்தாள்.

"பீரோ இருந்த இடத்துல சுவரெல்லாம் பொரிஞ்சு கிடக்கு. பார்த்தீங்களா?"

லேப்டாப்பை மூடினார். "பெயிண்ட் அடிக்கிற பிரஷ் எங்க?"

"பழசைப் பரண் ஒழிக்கறப்ப நீங்கதான் தூக்கிப் போட்டீங்க. புதுசு அன்னிக்கே வாங்கி வச்சுட்டேன்."