மின்சாரச் சங்கக் கூட்டமும் நூற்றிருபது ரோல்ஸும்

எனக்குப் படிப்புக் குறைவு என்று யாரிடமும் சொல்வேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் என்பதில் ஒரு வெட்கமும் இல்லை. ஆனால் ஜெர்மன் கடதாசி ஒன்றை யாராவது நீட்டினால், வாசிக்கத் தெரியாது என்ற சொல் மட்டும் என் வாயில் வராது. பெரிய படிப்புப் படித்தவள் மாதிரித் தலையை ஆட்டி, மடித்துக் கைப்பையில் வைத்துவிடுவேன். அந்தத் தலையாட்டலால் ஒரு மண்டபமே இருண்டது.

நாங்கள் இருப்பது ஹம்பேர்க்கிலிருந்து ஒன்றரை மணித்தியாலம் தள்ளி, ஒரு சின்னக் கிராமத்தில். இங்கே கரண்ட் தருவது பெரிய கொம்பனி அல்ல, சனமே சேர்ந்து நடத்தும் சங்கம். (ஊரில் சங்கக்கடை கண்டிருக்கிறேன். கரண்டுக்கும் சங்கம் உண்டென்று இங்கே வந்துதான் கண்டேன்.) கரண்ட் எடுக்கிற எல்லாரும் அங்கத்தவர்கள். நூறு மாடு வைத்திருப்பவருக்கும் ஒரு வாக்கு, இரண்டு கறிவேப்பிலைச் சட்டி வைத்திருக்கும் எனக்கும் ஒரு வாக்கு. போன் எடுத்தால் மெஷின் பேசாது, ஹென்னிங் பேசுவார். அவர்தான் தலைவர். கம்பியில் மரம் விழுந்தால் ஏணியோடு வருகிறவரும் அவர்தான்.

மரம் விழுவது எங்கள் பக்கத்தில். காட்டோரம் நாலே நாலு வீடுகள். காற்று கொஞ்சம் பலத்தால் எங்களுக்குக் கரண்ட் இல்லை. என் மனுசனுக்கு நெஞ்சு வருத்தம், மூச்சுக்கு ஒரு மெஷின் வைத்திருக்கிறார். கரண்ட் நின்றால் அது கீச்சுக்கீச்சென்று கத்தும். ஒவ்வொரு முறையும் ஹென்னிங் ஒரு பெரிய பற்றரியைத் தூக்கிக்கொண்டு வந்து, அந்தச் சத்தத்தை நிறுத்திய பிறகுதான் கம்பி பார்க்கப் போவார்.

"அக்கா, பற்றரியோட நான் எத்தினை நாளைக்கு ஓடுறது? கம்பியை நிலத்துக்குள்ள புதைக்கவேணும். அதுக்குக் கூட்டத்தில அரைவாசிப் பேருக்கு மேல ஓம் சொல்லவேணும்," என்றார் ஒருநாள். (சொன்னது ஜெர்மனில். அக்கா என்று நான்தான் பழக்கிவைத்தேன். இந்தக் கதையில் எல்லாரையும் என் தமிழிலேயே பேசவிடுகிறேன், குறை நினைக்கமாட்டார்கள்.)

ஓம் சொல்லமாட்டேன் என்று நின்றவர் பால்பண்ணைக்கார ஊவே. கம்பி அவருடைய சோள வயலுக்குள்ளால் போகவேண்டும். நாலு வீட்டுக்காக வயலைக் கிண்டுவதா என்று அவர் கேட்டால் பாதி ஊர் அவர் பக்கம்.

மேடையில் ஏறிப் பேச என் ஜெர்மன் போதாது. ஆனால் எனக்குப் பொரிக்கத் தெரியும். விடியவே எழும்பி, கிழங்குக் கறியை உள்ளே வைத்துச் சுருட்டி நூற்றிருபது ரோல்ஸ் உருட்டினேன்.

"நீர் கூட்டத்துக்குப் போறீரோ, கலியாண வீட்டுக்குப் போறீரோ?" என்றார் மனுசன்.

"வெறுங்கையோட போய் ஒரு காரியம் கேக்க ஏலுமோ?"

"அப்ப இஞ்சையே பொரிச்சுக்கொண்டு போமன்."

"ஆறின ரோல்ஸுக்கு ஆரப்பா கை தூக்குவினம்?"

கரண்டில் பொரிக்கும் சட்டியையும் எண்ணெயையும் காரில் ஏற்றினேன்.

கூட்டம் பின்னேரம் மூன்று மணிக்கு. மண்டபத்துக் குசினியில் இரண்டு பிளக். ஒன்றில் கோப்பி மெஷின். மற்றதற்கு மேலே ஒரு கடதாசி, சிவப்புப் பேனையால் பெரிதாக எழுதி, அடியில் மூன்று கோடும் போட்டிருந்தது.

"அந்தக் கடதாசியைப் பாத்தனீங்கள்தானே?" என்று கேட்டார் கிசேலா. ஊவேயின் மனைவி, கோப்பிக்குப் பொறுப்பானவர்.

"ஓம் ஓம்," என்று தலையை ஆட்டினேன். (பார்த்தேன்தானே. வாசித்தீர்களா என்று அவர் கேட்கவில்லை.) சட்டியை அந்தப் பிளக்கில் கொழுவினேன்.

முதல் நாற்பதைப் பொரித்து, மண்டபத்தின் பின்பக்க ஜன்னலடியில் தட்டை வைத்துவிட்டு, அடுத்ததை எண்ணெயில் போட்டேன். கோப்பி மெஷினும் அப்போதுதான் உறுமத் தொடங்கியது. உள்ளே படம் காட்டுவதற்காக மற்ற ஜன்னல்களின் வெளிச்சம் மறைக்கும் தகடுகளை எல்லாம் கரண்டில் இறக்கியிருந்தார்கள். ஹென்னிங் நெஞ்சை நிமிர்த்திப் பேசிக்கொண்டிருந்தார். "ஊருக்குள்ள போன வருசம் ஒரு நிமிசம்கூடக் கரண்ட் நிக்கேல்லை."

நின்றது.

படம் போனது, மைக் போனது, கோப்பி மெஷின் ஒரு பெருமூச்சு விட்டு ஓய்ந்தது. இறக்கிய தகடுகளை ஏற்றவும் கரண்ட் வேண்டும். பட்டப்பகலில் மண்டபம் கும்மிருட்டு. பியூஸ் பெட்டி பூட்டியிருந்தது, திறப்பு எடுக்க ஒருவர் வீட்டுக்கு ஓடினார். வெளிச்சம் இருந்த ஒரே இடம் என் ரோல்ஸ் தட்டு இருந்த ஜன்னலடி. சனம் தட்டித் தடவி அங்கே சேர்ந்தது.

குசினி வாசலில், கையில் எண்ணெய் வடியும் கரண்டியோடு நான். "நான்தான். என்ரை சட்டிதான்," என்றேன்.

கிசேலா போன் வெளிச்சத்தை அந்தக் கடதாசியில் பிடித்து உரக்க வாசித்தார். "கோப்பி மெஷின் ஓடேக்குள்ள இதில ஒண்டும் கொழுவாதேங்கோ." பிறகு என்னைப் பார்த்தார். "பாத்தன் எண்டல்லோ சொன்னீங்கள்?"

இருபத்தெட்டு வருடம் கட்டிக் காத்த மானம். எங்கள் கம்பிக்குக் குழி தோண்டுவதற்கு முன், அந்த மானத்துக்கு நானே தோண்டினேன்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது," என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஊவே மட்டும் வாயில் இருந்த ரோல்ஸை விழுங்கிவிட்டுக் கேட்டார். "உங்கட வீட்டிலயும் இப்பிடித்தான் நிக்கிறதோ?"

"இப்பிடித்தான். அங்கை மெஷின் கத்தும். அவர் கத்தமாட்டார், அவருக்கு மூச்சு வராது."

"எவ்வளவு நேரத்துக்கு?"

"ஹென்னிங் வருமட்டும்."

ஹென்னிங் தொண்டையைச் செருமினார். "இந்த இருட்டில வாக்குச் சீட்டுத் தூக்கினாலும் எனக்குத் தெரியாது. நிலக் கம்பிக்கு ஓம் எண்டுறவை ஜன்னலடியில நில்லுங்கோ. இல்லை எண்டுறவை வாசலடிக்குப் போங்கோ."

வாசலடிக்கு நாலைந்து பேர் போனார்கள். அதில் ஒருவர் சுருட்டுப் பற்றவைக்கப் போனவர். ஊவே அசையவில்லை.

"நான் ரோல்ஸுக்காகத்தான் இதில நிக்கிறன்," என்றார்.

"அப்ப அதை வைச்சிட்டு வாசலுக்குப் போங்கோவன்," என்றார் கிசேலா.

ஊவே கையிலிருந்த ரோல்ஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இல்லை, நிக்கிறன். என்னையும் சேர்த்து எண்ணுங்கோ."

சோளம் வெட்டி முடிந்ததும் கம்பிக்கு வாய்க்கால் கிண்டினார்கள். கிண்டும் மெஷின் ஊவேயுடையது, ஓட்டினவரும் அவரே. சங்கத்திலிருந்து எனக்குக் கடதாசி போட்டால் அன்றே ஹென்னிங் போன் எடுத்து அதை முழுக்க வாசித்துக் காட்டுகிறார். (நானும் குறுக்குக் கேள்வி கேட்கிறேன். சங்கம் என்னுடையதும்தானே.) குசினிப் பிளக்குக்கு மேலே கிசேலா இப்போது படம் ஒன்று கீறி ஒட்டியிருக்கிறார். பொரிச்சட்டி, அதன்மேல் வேண்டாம் என்று சிவப்புப் புள்ளடி, பக்கத்தில் கொண்டை போட்ட ஒரு மனுசி. மூக்கு என்னுடையதே.

போன மாதம் பெரிய காற்று. காட்டில் மரங்கள் முறிந்தன, எங்கள் வீட்டில் விளக்கு இமைக்கக்கூட இல்லை. பான் நகரத்தில் இருக்கும் மகள் பயந்து போன் எடுத்தாள்.

"அப்பா, அங்கை கரண்ட் இருக்கோ?"

"இருக்குது பிள்ளை," என்றார் மனுசன், மெஷின் பக்கத்தில் சாய்ந்திருந்தபடி. "கொம்மா சட்டியோட வெளியில ஒரு இடமும் போகேல்லை."