அறிவித்தலாரும் பெண்கள் கிளினிக்கும்

தொண்டைமானாற்றில் அறிவித்தலார் சொல்லாமல் எவரும் செத்ததில்லை. உயிர் போய்விட்டதென்று டொக்டர் சொன்னாலும், ஒலிபெருக்கி கட்டிய அவருடைய ஓட்டோ ஒழுங்கைக்குள் வரும்வரை சனம் அழுகையை முழுதாகத் தொடங்காது. தாய் தகப்பன் வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது.

அவரிடம் இருந்தது ஒரேயொரு குரல், சாவீட்டுக் குரல். கோயில் அன்னதானத்தை அவர் அறிவித்தபோது மூன்று பேர் லீவு போட்டுவிட்டு வெள்ளை வேட்டியோடு வந்து நின்றார்கள். காணாமல்போன கிடாயொன்றை இன்னார் வீட்டு மறியாட்டின் அன்பு மகன் என்று அறிவித்தார். சொந்தக்காரரிடம் இரண்டு பேர் துக்கம் விசாரிக்கப் போனார்கள். நான் அப்போது ஒரு பத்திரிகைக்குப் பிரதேச நிருபர். மரணச் செய்திகளுக்கு அவரையே நம்பியிருந்தேன். ஒரு உறவுமுறைகூடப் பிழையாகச் சொன்னதில்லை.

எங்கள் பகுதிக் குடும்பநல மாது சுகந்தி மிஸிக்கு வேறு கவலை. மார்பகப் புற்றுநோயை முந்திக் கண்டுபிடித்தால் மாற்றிச் சுகப்படுத்தலாம் என்று ஆராய்ச்சிகள் சொல்வதை அவர் பயிற்சி வகுப்பில் படித்துவிட்டு வந்திருந்தார். அதை ஊருக்குள் இறக்குவதுதான் பாடு. சனசமூக நிலையத்தில் மாதம் ஒருமுறை பெண்கள் கிளினிக் தொடங்கினார். முதல் மாதம் இரண்டு பேர் வந்தார்கள். அடுத்த மாதம் டொக்டரும் மிஸியும் கதிரைகளும் மட்டும். மூன்றாம் மாதமும் இப்படியென்றால் கிளினிக்கைப் பருத்தித்துறைக்கு மாற்றிவிடுவேன் என்றார் டொக்டர். மீன் விற்று முடித்து, பஸ் பிடித்து, நோவில்லாத உடம்பைக் காட்ட எங்கள் பெண்கள் பருத்தித்துறைக்குப் போகமாட்டார்கள் என்பது மிஸிக்குத் தெரியும்.

மிஸி அறிவித்தலாரைப் பிடித்தார். எழுதிக் கொடுத்த தாளை இரண்டு தரம் வாசித்துவிட்டு அவர் தலையைச் சொறிந்தார்.

“பிள்ளை, உந்தச் சொல்லை நான் மைக்கிலை சொல்லமாட்டன். ஆம்பிளையள் நிக்கிற சந்தி.”

“சொல்லாட்டில் சனத்துக்கு எப்பிடி அண்ணை விளங்கும்?”

“அதை நான் பாத்துக்கொள்ளுறன்.”

கிளினிக் நாள் காலை ஏழு மணிக்கு ஓட்டோ புறப்பட்டது. நோயின் பெயரைச் சொல்ல அவருக்குக் கூச்சம். சொல்லாமல் விட்ட இடத்தையும் எதைக்கொண்டாவது நிரப்ப வேண்டும். செத்தவர்களுக்குச் சொல்லிச் சொல்லி மனப்பாடமாக இருந்ததைக் கொண்டு நிரப்பினார். “சாவகச்சேரியைப் பிறப்பிடமாகவும், தொண்டைமானாற்றை வதிவிடமாகவும் கொண்ட, எங்கள் அன்புக்குரிய குடும்பநல மாது திருமதி சுகந்தி அவர்கள்…”

அதற்குமேல் இடத்தையும் நேரத்தையும் தவிர ஒருவரும் எதையும் கேட்கவில்லை. அன்னாரின் கிளினிக் ஒன்பது மணிக்குச் சனசமூக நிலையத்தில் நடைபெறும் என்று அவர் சரியாகத்தான் முடித்தார். அதற்குள் பாதி ஊர் படலையைத் திறந்துவிட்டது.

ஒன்பது மணிக்கு நிலையத்தின் முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. கூடையைச் சந்தையில் போட்டுவிட்டு வந்தவர்களும், தலைக்கு முழுகிய ஈரத்தோடு வந்தவர்களும் ஒப்பாரிக்கு ஆயத்தமாக நின்றார்கள். கதவைத் திறந்துகொண்டு மிஸி வெளியே வந்தார். முன்னுக்கு நின்ற மீன்காரம்மா எடுத்த குரலைப் பாதியில் நிறுத்தினார்.

“எடி பிள்ளை, நீ சாகேல்லையோ?” குரலில் சற்று ஏமாற்றமும் இருந்தது.

“இல்லையெணை. உங்களிலை ஒருத்தரும் சாகக்கூடாதெண்டுதான் கூப்பிட்டனான். வந்தது வந்திட்டியள், இருந்து காட்டிப்போட்டுப் போங்கோ.”

தனக்காக அழ வந்தவர்களை மிஸி விடுவதாக இல்லை. டொக்டர் மத்தியானச் சாப்பாட்டை மறந்து வேலை செய்தார். கிளினிக் ஊரிலேயே நின்றது.

அன்று வந்தவர்களில் அறிவித்தலாரின் மனைவி பூமணியக்காவும் ஒருவர். புருசன் சொன்னதை நம்பி அவரும் ஓடி வந்திருந்தார். அவருடைய இடது மார்பில், ஒரு சின்னக் கட்டியில் டொக்டரின் விரல் நின்றது. யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். புற்றுநோய்தான், ஆனால் தொடக்கம். வெட்டி, மருந்து ஏற்றி, மாற்றினார்கள். அந்த மாதங்களில் அறிவித்தலார் மைக்கைத் தொடவில்லை. மரணச் செய்திகளுக்கு நான் வீடு வீடாக அலைந்தேன்.

இப்போது கிளினிக்குக்கு முதல்நாள் பின்னேரம் ஓட்டோ வரும். மைக் பூமணியக்காவின் கையில் இருக்கும். “எனக்கு வந்தது, மாறிப்போச்சு. நாளைக்கு வந்து காட்டுங்கோ பிள்ளையள்” என்று வேலிக்கு மேலால் கதைப்பதுபோலச் சொல்லுவார். அறிவித்தலார் வாய் திறப்பதில்லை. ஒவ்வொரு படலையடியிலும் ஓட்டோவை நடைவேகத்துக்குக் குறைப்பார், மனைவி சொல்வதில் ஒரு சொல்லையும் காற்று கொண்டுபோய்விடாதபடி.