சூரியனுக்குக் கட்டுப்பட்ட வயிறு

படித்தவனுடைய வயிற்றைப் போலப் பரிதாபமானது வேறில்லை. பசித்தாலும், பசிக்கலாமா என்று புத்தகத்தைக் கேட்டுவிட்டுத்தான் அது பசிக்க வேண்டும்.

இருபத்திரண்டு வயதில், ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் தற்காலிகக் குமாஸ்தாவாக இருந்தேன். அப்போது ஓர் ஆரோக்கிய சாஸ்திரப் புத்தகம் என் கையில் சிக்கியது. (நான்தான் அதன் கையில் சிக்கினேன் என்பாள் என் மனைவி.) சூரியன் ஏற ஏற வயிற்றிலுள்ள அக்கினியும் ஏறுமாம். உச்சிவேளையில் வயிறு முட்டச் சாப்பிடலாமாம். சூரியன் மறைந்தபின் உள்ளே போகும் ஒவ்வொரு கவளமும் விஷமாம். மறுநாளே சூரியனுக்கு அடிமைச் சாசனம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் வந்தது வினை. அது ரம்ஜான் மாதம். நோன்பு திறக்க வரும்படி முதலாளி சாயபு அழைத்தார். என் வேலை நிரந்தரமாகுமா என்பதை முடிவு செய்பவர் அவருடைய தகப்பனாரான பெரிய சாயபு. அவர் பக்கத்தில்தான் எனக்கு இடமாம். போகாவிட்டால் வேலை போகும். போய்ச் சாப்பிட்டால் உயிர் போகும். அவர்கள் வாய் திறக்கும் நொடியும் நான் வாயை மூட வேண்டிய நொடியும் ஒன்றே.

உச்சியில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, மாலையில் பேருக்குக் கையை நனைப்பதென்று திட்டம் போட்டேன். ஆனால் ரயிலடியில் தோல் கட்டுகளை ஏற்றி முடிப்பதற்குள் மதியச் சாப்பாட்டு வேளையே போய்விட்டது. பட்டினி வயிற்றோடு பந்தியில் உட்கார்ந்தேன். எதிரே பேரீச்சம்பழம், கஞ்சி. ஜன்னலுக்கு வெளியே மலையுச்சியைத் தொட்டுக்கொண்டிருந்தது சூரியன். அது இறங்கிவிட்டால் மறுநாள் காலை வரை எனக்கு ஒரு பருக்கை கிடையாது.

இருமுவதுபோல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு பழத்தை உள்ளே தள்ளினேன்.

பெரிய சாயபுவுக்குக் காது மந்தம் என்பதும், மசூதியில் பாங்கு சொல்லியாயிற்று என்பதைப் பக்கத்திலிருப்பவர் வாயைப் பார்த்துத்தான் அவர் தெரிந்துகொள்வார் என்பதும் எனக்குத் தெரியாது. வெளியே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது. உள்ளே என் தாடை அசைந்தது. பாவம், அவரும் ஒரு பழத்தை எடுத்துக் கடித்தார்.

பந்தியில் வேறு யாரும் பழத்தைத் தொடவில்லை.

"இன்னா, எல்லாரும் சும்மா உக்காந்துனு இருக்கீங்க?" என்றார் பெரியவர். முதலாளி கடிகாரத்தை நீட்டினார். பாங்குக்கு இன்னும் நாலு நிமிஷம் இருந்தது. பெரியவர் பழத்தைக் கைக்குட்டையில் துப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார். பயத்தில் நான் கொட்டையையும் விழுங்கினேன்.

"உனக்குத்தான் நோம்பு இல்லியே தம்பி. அப்புறம் எதுக்கு ஒளிஞ்சி தின்னே?"

அவர் காதில் விழவேண்டுமானால் கத்த வேண்டும். அக்கினி, உச்சிவேளை, விஷம் என்று என் சாஸ்திரம் முழுவதையும் தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

"நம்ம தோலு பகல்லியும் ஊறுது, ராத்திரியிலயும் ஊறுது. உன் வயிறு இன்னா, அதைவிட ஒசத்தியா?" என்றார் பெரியவர். பிறகு தீர்ப்புச் சொன்னார்: "இந்த நோம்பை நான் பண்டிகைக்கு அப்புறம் திருப்பிப் பிடிக்கணும். அன்னிக்கும் நீதான் என் பக்கத்துல உக்காரணும். பாங்குக்கு முன்னாடி உன் வாய் அசைஞ்சிது, மறுநாள் வேலைக்கு வராத."

பண்டிகை முடியும்வரை எனக்குத் தூக்கமில்லை. குறித்த நாளில் பயத்தினால் நானும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. (வாயைத் திறந்து பழக்கமாகிவிட்டால்?) உச்சிச் சூரியன் என்னைப் பார்த்துவிட்டுத் தன் பாட்டுக்குப் போனான். மாலையில் பழைய பந்தியே கூடியிருக்க, பாங்கு ஒலித்தது. எனக்குத் தாடை பூட்டிக்கொண்டது; கை எழவில்லை. முதலாளி பழத்தைத் தின்றார், பந்தியே தின்றது. பெரியவர் மட்டும் வேறு யாரையும் நம்பாமல் என் வாயையே பார்த்துக்கொண்டு பசியோடு உட்கார்ந்திருந்தார். முதலாளிதான் எழுந்து வந்து என் வாயில் ஒரு பழத்தைத் திணித்தார். மென்றேன். பெரியவரும் மென்றார்.

வேலை நிரந்தரமாயிற்று. அதோடு, அவர் இருந்தவரை ஒவ்வொரு ரம்ஜானிலும் அவருக்குப் பக்கத்து இடமும் எனக்கே நிரந்தரமாயிற்று. இருட்டியபின் நான் தின்ற விஷத்துக்கு அளவில்லை.

இன்றும் வீட்டில் இலை போட்டதும் நான் முந்திக்கொண்டு அப்பளத்தை நொறுக்கினால், என் மனைவி குழந்தைகளிடம் சொல்வாள்: "யாரும் தொடாதீங்க. உங்கப்பா வாயை நம்பி ஒருத்தர் ஏற்கெனவே ஒரு நோம்பை வுட்டாரு."