சாப்பிட மறுத்த பாம்பும் டென்மார்க் அண்ணையும்

லண்டனில் பாம்பு வளர்த்த தமிழர்கள் இன்னும் இரண்டொருவர் இருக்கக்கூடும். ஆனால் பாம்பின் முன்னால் முழங்காலிட்டு, "ஒரு வாய் சாப்பிடுங்கோ ராசா" என்று கெஞ்சிய தமிழர் டென்மார்க் அண்ணை ஒருவர்தான். அதுவும் அவர் முட்டைகூடத் தொடாத சுத்த சைவம்.

டென்மார்க்கில் பல வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர் என்பதால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டுமே தெரியும். வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பது தொழில். 2009இல் வால்தம்ஸ்டோவில் ஒரு மாடிவீட்டில் ஆளுக்கொரு அறையாக மூன்று பேர் குடியிருந்தோம்: அவர், மன்னாரைச் சேர்ந்த சூசை அண்ணை, பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை பார்த்த நான்.

பாம்பு வந்ததற்குக் காரணம் ஆங்கிலம். பெயின்ட் அடிக்கப்போன வீட்டு வெள்ளைக்காரர் அவுஸ்திரேலியா போகும் அவசரத்தில் இருந்தார். கண்ணாடிப் பெட்டியைக் காட்டி என்னவோ கேட்டிருக்கிறார். "பாம்பு வடிவா இருக்கோ எண்டு கேக்கிறானாக்கும் எண்டு நினைச்சு, யெஸ் யெஸ் எண்டிட்டன்" என்றார் அண்ணை. வேலை முடிந்த அன்று பெட்டி, வெப்ப விளக்கு, மூன்றடி மலைப்பாம்பு, ஒரு பை உறைந்த எலி, எல்லாம் அவருடைய வான் வண்டியில் ஏறியிருந்தன.

"திருப்பிக் குடுக்க வேண்டியதுதானே அண்ணை?"

"அவன் பிளைட் ஏறிட்டான் தம்பி. இவர் பாவம், எங்க போவார்?"

வெள்ளைக்காரர் 'அவன்'. வீட்டுச் சொந்தக்காரர் 'அவன்'. பாம்பு மட்டும் 'அவர்'.

உறைந்த எலிகள் எங்கள் மூவருக்கும் பொதுவான பிரீசருக்குள் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து பசியோடு வந்த சூசை அண்ணை, பனி மூடிய பையைக் கணவாய் மீன் என்று நினைத்துத் தண்ணீரில் ஊறப் போட்டார். முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தால் பாத்திரத்தில் வால்கள் மிதக்கின்றன. "அந்தோனியாரே!" என்ற சத்தத்துக்குக் கீழே பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"சாத்தானை வீட்டுக்குள்ள வைச்சிருக்கிறியள், சரி. சாத்தான்ர சாப்பாட்டை ஏன் என்ர மீனுக்குப் பக்கத்தில வைக்கிறியள்?"

"சூசை, அது சுத்தமான எலி. பையில திகதியெல்லாம் போட்டிருக்கு."

அதன்பிறகு பிரீசரின் கடைசித் தட்டில் ஒரு கடதாசி ஒட்டப்பட்டது: 'இது சாப்பாடுதான். ஆனால் எங்களுக்கில்லை.'

சனிக்கிழமைதோறும் பாம்புக்குப் படையல். கையுறை போட்டு, எலியைச் சுடுதண்ணீரில் இளக்கி, தலைமயிர் உலர்த்தும் மெசினால் சூடுகாட்டி, நீண்ட இடுக்கியால் தூக்கிப் பாம்பின் முன்னே ஆட்டுவார். அந்த நேரத்தில் முகத்தை மட்டும் சுவருக்குத் திருப்பி, "முருகா, நான் பாக்கேல்லை" என்பார். பாம்பு பாய்ந்து கவ்வியதும் நேரே குளிக்கப் போய்விடுவார்.

பங்குனியில் பாம்பு சாப்பாட்டை நிறுத்திவிட்டது.

அந்த நாட்களில் வன்னியில் சண்டை உச்சத்தில் இருந்தது. அண்ணையின் ஒரே அக்கா உள்ளே அகப்பட்டிருந்தார். தைப்பொங்கலுக்குப் பிறகு அவரிடமிருந்து போன் இல்லை. அண்ணை வேலையை விட்டுவிட்டுப் பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் நின்று சண்டையை நிறுத்தச் சொல்லிக் கத்திவிட்டு, தொண்டை அடைத்துப்போய் வருவார். வந்ததும் எலியை இளக்குவார். பாம்பு தலையைத் திருப்பிக்கொள்ளும். எலி குப்பைக்குப் போகும். இவரும் சாப்பிடாமல் படுத்துவிடுவார்.

ஒருநாள் வழக்கம்போலக் கேலி செய்யலாமென்று அறைக்குள் எட்டிப்பார்த்தேன். இடுக்கியைப் பிடித்தபடி நிலத்தில் இருந்தார்.

"அங்க சனம் கேக்குது, குடுக்க ஏலேல்லை. இங்க குடுக்கிறன், இவர் வேண்டாமெண்டுறார். நான் என்ன செய்ய தம்பி?"

எனக்குக் கேலி மறந்துபோனது.

சூசை அண்ணைதான் யோசனை சொன்னார். "அது வேட்டைச் சாதி. செத்ததை ஏன் தின்னும்? உயிரோட ஒண்டைப் பிடிச்சு விடுங்கோ."

"உயிரோடையோ? நான் கத்தரிக்காயையே கண்ணை மூடிக்கொண்டு வெட்டுறவன்."

செல்லப்பிராணிக் கடைப் பெண்ணிடம் கேட்கப் போனோம். நான் மொழிபெயர்த்தேன். உயிர் எலி வேண்டவே வேண்டாம் என்றாள் அவள். பயந்த எலி பாம்பைக் கடித்துக் குதறும், எலிக்கும் அது கொடுமை, இந்த இனம் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும், பொறுத்திருங்கள் என்றாள்.

"பொறுக்கட்டாம்" என்றேன்.

"எல்லாரும் அதைத்தான் சொல்லுகினம்" என்றார் அண்ணை. பாம்பைப் பற்றிச் சொல்லவில்லை என்று விளங்கியது.

அவரால் பொறுக்க முடியவில்லை. வேறொரு கடையில், வளர்க்க என்று பொய் சொல்லி, ஒரு வெள்ளை எலி வாங்கிவந்தார். பஸ்ஸில் வரும்போது அதற்குக் குளிரும் என்று பெட்டியின்மேல் தன் மப்ளரைச் சுற்றியிருந்தார். சாகப்போகிற எலிக்கு மப்ளர்! சூசை அண்ணை செபமாலையோடு வாசலில் நின்றார். எலி உள்ளே விடப்பட்டது.

அந்த வேட்டைச் சாதி, எலியைப் பார்த்தது. அடுத்த கணம் உடம்பைப் பந்தாகச் சுருட்டித் தலையை உள்ளே ஒளித்துக்கொண்டது. எலி அந்தப் பந்தின்மேல் ஏறி முகம் துடைத்தது. பிறகு ஆறுதலாகப் பாம்பின் முதுகைக் கடித்தது.

"ஐயோ, விடு அவரை!" அண்ணை வெறுங்கையை உள்ளே விட்டார். எலி அவரையும் கடித்தது. பாம்பின் முதுகிலும் இரத்தம், அண்ணையின் விரலிலும் இரத்தம். இரண்டுக்கும் சூசை அண்ணையே மருந்து பூசினார், சாத்தான் என்றும் பார்க்காமல். எலி பெயின்ட் வாளி ஒன்றில் குடியேறிப் புட்டுத் தின்று கொழுத்தது.

"ஒருத்தரையும் காப்பாத்தத் தெரியாதவன் நான்" என்றார் அண்ணை, கட்டுப்போட்ட விரலைப் பார்த்தபடி.

வைகாசியில் சண்டை முடிந்தது. தப்பி வந்த சனத்தை அடைத்துவைத்த முகாம்களிலிருந்து பெயர்கள் வரத் தொடங்கின.

ஆனி மாதம் ஒரு மத்தியானம், பெற்றோல் நிலையத்தில் நான் காசாளர் மேசைக்குப் பின்னால் நிற்கிறேன். பெயின்ட் படிந்த உடுப்போடு அண்ணை ஓடிவந்தார். வரிசையில் நின்ற வெள்ளைக்காரர்கள் விலகி வழிவிட்டார்கள்.

"சாப்பிட்டார் தம்பி! பிரீசர் எலியை உள்ள வைச்சிட்டு போன் எடுக்கப் போனனான். வந்து பாக்கிறன், வால் மட்டும்தான் வெளியில தெரியுது!"

"ஆர் அண்ணை போனில?"

அவர் சிரித்த முகம் அப்படியே நின்றது.

"முகாமிலயிருந்து ஒரு பெடியன். எல்லா லிஸ்டும் பாத்திட்டானாம். அக்கான்ர பேர் இல்லையாம்."

சிப்ஸ் பைகள் தொங்கிய தட்டைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் வரிசையை விட்டுவிட்டு வெளியே வந்து அவர் பக்கத்தில் நின்றேன். மனேஜர் என்னைக் கூப்பிட்டது கேட்டது. போகவில்லை.

அந்த வருடக் கடைசியில் அண்ணை வேலை கிடைத்து விம்பிள்டன் பக்கம் போய்விட்டார், பாம்போடும் எலியோடும். அக்காவைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. ஞாயிறுதோறும் நான் அவருக்குப் போன் எடுப்பேன். அக்காவைக் கேட்பதில்லை, பாம்பைத்தான் கேட்பேன். எப்போது தோல் கழற்றினார், எத்தனை எலி சாப்பிட்டார் என்று ஒரு மணித்தியாலம் சொல்லுவார். எனக்குப் பாம்பென்றாலே அருவருப்பு. ஆனாலும் அவர் முடிக்கும் முன் ஒருநாளும் நான் போனை வைத்ததில்லை.