சக்கரத்துக்குப் பின்னால் ஒரு பலாப்பழம்

ஒரு வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுப்பவனிடம் அந்த வேலையை மட்டும் ஒப்படைத்துவிடாதீர்கள். (அனுபவத்தில் சொல்கிறேன். வகுப்பெடுப்பவன் நான்தான்.)

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் நான் பாதுகாப்பு அதிகாரி. வருஷா வருஷம் பாதுகாப்பு வாரத்தில், 'நடுவழியில் டயர் பஞ்சரானால்' என்ற தலைப்பில் முக்கால் மணி நேரம் பேசுவேன். பன்னிரண்டு ஸ்லைடுகள், நானே தயாரித்தவை. முடிந்ததும் பலத்த கைதட்டல். (அடுத்தது சமோசா என்பதால்தான் அந்தக் கைதட்டல் என்பது என் மனைவி கலைச்செல்வியின் கருத்து.) அதுவரை ஒரு டயரைக்கூட நான் கழற்றியதில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், ஜவ்வாது மலைமேல் ஜமுனாமரத்தூரில் வாழ்க்கைப்பட்டிருந்த என் தங்கையின் மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். தங்கைக்கு நான் ஒரே அண்ணன். ஆகவே இருப்பது ஒரே மடி. வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம் ஆரம்பம். அதற்குள் மடி மலைக்குப் போய்ச் சேர வேண்டும்.

சீர்த் தட்டு இருபது சேர்ந்திருந்தது. ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டதால், வேலூர் மார்க்கெட்டில் ஒரு பெரிய பலாப்பழம் வாங்கி இருபத்தொன்றாக்கினோம். எங்கே விளைந்தது என்று கடைக்காரரைக் கேட்டேன். "ஜவ்வாது மலைப் பழம் சார்" என்றார் பெருமையாக. அதைத்தான் மறுபடி மலைக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பினோம்.

போளூர் தாண்டி, மலைப்பாதையில் பாதி வளைவுகள் ஏறியிருப்போம். பின்னால் தடக் தடக்கென்று சத்தம். இடது பின் டயர் சப்பையாகிக் கிடந்தது. மணி ஒன்பது பத்து.

"இன்னாடா, வண்டி நொண்டுது?" என்றாள் அம்மா, பின் சீட்டிலிருந்து.

"பயப்படாதம்மா. இதுக்கெல்லாம் ஒரு முறை இருக்குது." சொல்லும்போதே எனக்கு வகுப்பறைக் குரல் வந்துவிட்டது. போனை எடுத்து என் ஸ்லைடுகளைத் திறந்தேன். சிக்னல் இல்லாத மலையிலும் அவை திறந்துகொண்டதுதான் வினை.

முதல் ஸ்லைடு, சமதளத்தில் நிறுத்தவும். மலையில் சமதளத்துக்கு எங்கே போவது? அந்த ஸ்லைடைத் தள்ளினேன். இரண்டாவது, எச்சரிக்கை முக்கோணத்தை வண்டியிலிருந்து தூரத்தில் வைக்கவும். பிரிக்காத புது முக்கோணம். தூரத்தில் வைத்தால் எவனாவது எடுத்துக்கொண்டு போய்விடுவான். பம்பரிலேயே சாய்த்து வைத்தேன். மூன்றாவது, எல்லாரையும் வண்டியிலிருந்து இறக்கவும்.

இங்கேதான் சிக்கல். ஸ்டெப்னி டிக்கியின் அடியில் இருந்தது. அதற்கு மேல் சீர். தட்டுகளை எடுத்து ரோட்டோரம் வைக்கப் போனேன்.

"டேய், டேய்! சீர்த் தட்டத் தரையில வெப்பியா? வூட்ட வுட்டுக் கெளம்புன சீரு, போய்ச் சேர்ற வரைக்கும் மண்ணுல படக் கூடாதுடா!"

எனவே தட்டுகள் முன் சீட்டிலும் பின் சீட்டிலும் அம்மா மடியிலும் ஏறின. கடைசித் தட்டை வைத்தபோது அம்மாவின் மூக்குக்கண்ணாடி மட்டும்தான் வெளியே தெரிந்தது. இனி அவளை இறக்க வேண்டுமென்றால் சீரைத்தான் முதலில் இறக்க வேண்டும். மூன்றாவது ஸ்லைடையும் தள்ளினேன். நான்காவது, கைப்பிரேக். அது இரண்டு தட்டுகளுக்கு அடியில் எங்கேயோ புதைந்திருந்தது. வண்டி கியரில்தானே நிற்கிறது என்று அதையும் விட்டேன்.

ஐந்தாவது, சக்கரத்துக்குப் பின்னால் கல்லோ கட்டையோ வைக்கவும்.

"ஏங்க, அந்தாண்ட எவ்ளோ கல்லு கெடக்குது பாருங்க" என்றாள், ஏற்கெனவே இறங்கி நின்ற கலைச்செல்வி.

என் கையில் பலாப்பழம் இருந்தது. சீட்டில் அதற்கு மட்டும் இடமில்லை. "கல்லு வழுக்கும். இதுல முள்ளு இருக்குது, ரோட்ட நல்லாப் பிடிச்சிக்கும்" என்று அறிவியல் பேசினேன். அம்மாவின் சாஸ்திரமும் கெடாமல், வலது பின் சக்கரத்துக்குப் பின்னால் துண்டு விரித்து, அதன்மேல் பழத்தை வைத்தேன்.

'முதலில் நட்டைத் தளர்த்து, அப்புறம்தான் ஜாக்கியால் தூக்கு' என்பது என் ஏழாவது ஸ்லைடு. சிவப்பு எழுத்தில் இருக்கும். வகுப்பில் இதைக் கேள்வியாகக் கேட்டு, சரியாகச் சொல்பவருக்குப் பேனா பரிசு தருவேன். அன்று எனக்குப் பேனா கிடைத்திருக்காது. நேராகத் தூக்கிவிட்டேன். ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினால் நட்டு அசையவில்லை, சக்கரம் சாவகாசமாகச் சுற்றியது. ஸ்பேனர்மேல் ஏறி நின்று ஒரு குதி குதித்தேன்.

ஜாக்கி சரளை மண்ணில் சாய்ந்தது. வண்டி தடாலென்று உட்கார்ந்து பின்னால் நகர்ந்தது. உள்ளே அம்மா குலதெய்வத்தை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பத்தடி பின்னால் வளைவு, வளைவுக்கு அப்பால் பள்ளம், வண்டிக்குள் என்னைப் பெற்றவள்.

சதக்கென்று ஒரு சத்தம். வண்டி நின்றது. அன்று அந்த இடத்தில் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது பலாப்பழம் ஒன்றுதான்.

அப்போதுதான் கீழேயிருந்து ஒரு ஷேர் ஜீப் வந்தது. ஓட்டியவர் பெயர் வேலு. என் வயதுதான் இருக்கும். இறங்கிப் பார்த்தார்.

"இன்னா சார், பலாப்பழத்து மேல வண்டிய நிறுத்திக்கினு இருக்கீங்க?"

"நான் சேஃப்டி ஆபீசர்" என்றேன். (ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.)

வேலு டயர் பக்கமே வரவில்லை. நாலைந்து தழைக் கொத்துகளை ஒடித்துக்கொண்டு இறங்கிப்போய், வளைவுக்கும் கீழே ரோட்டில் வரிசையாகப் போட்டுவிட்டு வந்தார்.

"அதுக்குத்தான் முக்கோணம் வெச்சிருக்கேனே?"

"வண்டி மேல சாச்சி வெச்சிருக்கீங்க சார். வளைவுல வர்றவன் மோதிட்டுத்தான் அதப் பார்ப்பான்."

அவர் சொல்லி வாயை மூடவில்லை, கீழே ஒரு பஸ் தழையைப் பார்த்து வேகத்தைக் குறைத்து, ஊர்ந்து வந்தது.

அடுத்து அம்மா. மண்ணில் வைக்கக் கூடாது என்ற சங்கதியைக் கேட்டதும் வேலு ஜீப்பைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "எல்லாம் எறங்குங்க! ஆளுக்கு ரெண்டு தட்டு!" ஜீப்பில் வந்த எட்டுப் பேர், கலைச்செல்வி, வெளியே மீட்கப்பட்ட அம்மா, பத்துப் பேரும் மலையோரமாகச் சீர்த் தட்டோடு வரிசையில் நின்றார்கள். கடந்துபோன பஸ்ஸிலிருந்து ஓர் அம்மாள் எட்டிப் பார்த்து, "பொண்ணு எந்த ஊரு?" என்று விசாரித்தார்.

கைப்பிரேக், சக்கரத்துக்கு இரண்டு கல், நட்டைத் தளர்த்தல், ஜாக்கிக்கு அடியில் ஒரு தட்டைக் கல், அப்புறம் தூக்குதல். என் ஸ்லைடுகள் வரிசை மாறாமல் என் கண்முன்னே ஓடின. அவர் கழற்றிய நட்டுகளை நான் கையில் வாங்கிக்கொண்டு நின்றேன். வேலை முடிந்ததும் வேலு கற்களை ஓரம் தள்ளினார். தழைகளையும் பொறுக்கிப் போட்டார்.

"கல்ல அப்படியே வுட்டுட்டுப் போனா, பின்னாடி பைக்ல வர்றவன் வுழுவான் சார்."

அது என் பன்னிரண்டு ஸ்லைடிலும் இல்லை.

பத்து இருபதுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஜீப்பில் வந்தவர்கள் கையில் வாங்கிய தட்டைக் கீழே வைக்காமல், அப்படியே ஜீப்பில் ஏறி எங்களோடு மண்டபத்துக்குள் வந்ததால், இவ்வளவு பெரிய சொந்தமா என்று தங்கையின் மாமனார் மிரண்டுபோனார். நான் ஓடிப்போய் உட்கார்ந்து குழந்தையை மடியில் வாங்கினேன். காது குத்தி முடிந்து தூக்கியபோதுதான் பார்த்தோம், மஞ்சள் பட்டுச் சட்டையின் இரண்டு விலாவிலும் என் ஐந்தைந்து கருப்பு விரல் தடங்கள். அந்தப் போட்டோ தங்கை வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது.

மற்றதை அம்மா பார்த்துக்கொண்டாள். சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் மலைக்கே கதை தெரிந்துவிட்டது.

போன மாதம் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். (பஸ்ஸில்தான். தங்கையின் நிபந்தனை.) வாசலில் மருமகளும் தெருப் பிள்ளைகளும் 'மாமா வண்டி' விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தழை ஒடித்துப் போடுகிறாள். ஒருவன் வேலு. நாலு பேர் தட்டுக்குப் பதில் சிலேட்டுகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். ஒரு குண்டுப் பையன் சுருண்டு படுத்திருக்கிறான், அவன் பலாப்பழம். மாமாவாக இருக்க மட்டும் யாரும் சம்மதிப்பதில்லையாம். சாட் பூட் திரியில் தோற்றவன்தான் மாமா. போனைப் பார்த்தபடி குதிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

"நானும் வர்றேன்டா கண்ணு. என்னைப் பலாப்பழமா சேர்த்துக்கோயேன்" என்றேன்.

மருமகள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அது பொறுப்பான வேலை மாமா" என்றாள்.