காய்ந்த வைக்கோல் மட்டும்

மெக்கானிக்கல் படித்தவனிடம் வண்டி வாங்க யோசனை கேட்காதீர்கள். நானே மெக்கானிக்கல் என்பதால் சொல்கிறேன். நாலு வருஷத்தில் நான் கையால் தொட்ட ஒரே இன்ஜின், காலேஜ் லேபில் பாதியாக வெட்டி, சிவப்பும் பச்சையும் பெயின்ட் அடித்து வைத்திருந்த இன்ஜின். அது ஓடாது. (ஓடாத இன்ஜினைப் பார்த்து எழுதியே பாஸ் ஆன ஆளுங்க நான்.)

இந்த ரகசியம் சேகர் மாமாவுக்குத் தெரியாது.

மாமா என் அம்மாவின் தம்பி. மண்ணிவாக்கத்தில் பன்னிரண்டு கறவை மாடு வைத்திருக்கிறார். தினமும் காலையில் தாம்பரம் வரை பால் கேன் போகும். மாதத்துக்கு இரண்டு நடை மதுராந்தகம் பக்கமிருந்து வைக்கோல் வரும். வைக்கோலுக்கு மட்டும் பிக்கப் வண்டியின் பின்னால் கொக்கி மாட்டி ஒரு டிரெய்லரையும் சேர்த்து இழுத்து வருவார். இதையெல்லாம் பதினைந்து வருஷம் செய்த டீசல் வண்டி போன ஐப்பசியில் ஒருநாள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டது. பழைய இரும்புக்காரன் வந்து அதை எடுத்துப் போனான்.

பெருங்களத்தூரில் பழைய வண்டி விற்கும் இடத்தில் இரண்டு பிக்கப் நின்றன. ஒன்று டீசல், இன்னொன்று கேஸ். மாமா என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

"நீதான்டா படிச்சிருக்க. எது எடுக்கலாம் சொல்லு."

இந்த ஒரு வரிக்காக நான் நாலு வருஷம் காத்திருந்தேன். முந்தின வாரம் முழுக்க போனில் வண்டி இழுவை வீடியோவாகப் பார்த்துத் தள்ளியிருந்தேன். எக்செல்லில் பதினெட்டு கட்டம் போட்டிருந்தேன். மைலேஜ், சர்வீஸ், ஆயில், டயர், ஒரு கட்டு வைக்கோலின் எடை இருபத்தைந்து கிலோ, எழுபது கட்டுக்கு எவ்வளவு, எல்லாம். கடைசிக் கட்டத்தில் பச்சைக் கலரில் 'கேஸ்' என்று வந்தது. (பச்சைக் கலர் நான் கொடுத்ததுதான். ஆனா பாக்க அதுவே முடிவு பண்ண மாதிரி இருந்துச்சு.)

அங்கே எபி அண்ணனும் நின்றிருந்தார். ஊரப்பாக்கத்தில் நர்சரி வைத்திருப்பவர், மாமாவிடம் மாட்டுச் சாணம் வாங்குகிறவர். அவருக்கும் ஒரு வண்டி வேண்டும். டீசலை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னால் கரும்புகை கிளம்பியது.

எனக்கு வாய் சும்மா இருக்காதே. "அண்ணா, இது வண்டி இல்ல. கொசு மருந்து அடிக்கிற மெஷின்."

எபி அண்ணன் சிரித்தார். "இழுக்குமா தம்பி?"

"கேஸும் இழுக்கும்ணா. கணக்கு இருக்கு."

"கணக்கு இருந்தா சரி" என்று சொல்லிவிட்டு அந்தக் கொசு மருந்து மெஷினையே வாங்கிக்கொண்டு போனார். எனக்கு அவர்மேல் உண்மையாகவே பரிதாபமாக இருந்தது.

மாமா கேஸ் வண்டியை எடுத்தார். மாலை, சந்தனம், நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம். முதல் இரண்டு வாரம் பால் கேன் ஓட்டம்தான். வண்டி பறந்தது. செலவு பாதியானது. வள்ளி அத்தை எனக்கு நெய் தோசை போட்டார். தெருவில் இரண்டு பேர் என்னிடம் வாஷிங் மெஷினுக்கு யோசனை கேட்டார்கள். நான் கொடுத்தேன்.

அப்புறம் வைக்கோல் நடை வந்தது.

அன்றைக்குக் கொட்டகையில் காலைத் தீனிக்கு மட்டும்தான் வைக்கோல் இருந்தது. அடுத்த நாளிலிருந்து நாலு நாள் கனமழை என்று செய்தியில் சொல்லியிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் லோடு வராவிட்டால் பன்னிரண்டு மாட்டுக்கும் பட்டினி, மறுநாள் கேன்களும் காலி. கிளம்பும்போது அத்தை என்னைப் பார்த்துச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "சாயங்காலம் பால் கறக்கறதுக்குள்ள வந்துடுங்க."

முதல் அடி கேஸ் பங்கில் விழுந்தது. எங்களுக்கு முன்னால் ஆட்டோவும் காருமாக ஒரு பெரிய வரிசை. ஒரு மணி நேரம் நின்றோம். மாமா மூன்று டீ குடித்தார். "இதுக்குக் கட்டம் போட்டியாடா?" என்று கேட்டார். போடவில்லை.

மதுராந்தகத்தில் வயல்காரர் எங்களைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார். "ராத்திரி மழை புடிச்சிகிச்சு தம்பி. கட்டெல்லாம் நனைஞ்சி கெடக்குது. பாதி இப்ப எடுத்துட்டுப் போங்க, மீதிய மழை விட்டதும் காயவெச்சுத் தரேன்."

மாமா என்னைப் பார்த்தார். நான் போனில் எக்செல்லைத் திறந்து பார்த்தேன். எழுபது கட்டு, இருபத்தைந்து கிலோ. ஓகே. "ஒரே நடையா போயிடலாம் மாமா. லிமிட்டுக்குள்ளதான் இருக்கு."

வழக்கமாக ஒரு ஆள் ஒரு கட்டைத் தூக்கி வீசுவான். அன்றைக்கு இரண்டு ஆள் சேர்ந்து ஒரு கட்டைத் தூக்கி முனகினார்கள். கட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. இதையெல்லாம் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு, 'இவங்க காலையில சாப்பிடல போல' என்று நினைத்தேன். (ஆமா. நிஜமாவே இப்படித்தான் நினைச்சேன்.)

ஜி.எஸ்.டி. ரோடு சமதளம் என்பதால் வண்டலூர் வரை ஒருமாதிரி வந்துவிட்டோம். அங்கே இடதுபக்கம் திரும்பி, ரயில் பாதைக்கு மேலே போகும் பாலத்தில் ஏற வேண்டும். மாமா மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு வந்தார். இரண்டாவதிலிருந்து முதலுக்கு வந்தார். முதலுக்குக் கீழே போக ஒன்றும் இல்லை. பாதிப் பாலத்தில் வண்டி ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. அப்புறம் மெதுவாகப் பின்பக்கம் நகர ஆரம்பித்தது.

"எறங்குடா. கல்லு வைடா."

பாலத்துக்கு மேலே கல்லுக்கு எங்கே போவது? டிரெய்லரிலிருந்து ஒரு வைக்கோல் கட்டை இழுத்து உருட்டிச் சக்கரத்துக்குப் பின்னால் கொடுத்தேன். ஈரத்தில் பாறை மாதிரி இருந்தது. வண்டி நின்றது. அன்றைக்கு நான் செய்ததில் உருப்படியான இன்ஜினியரிங் அது ஒன்றுதான்.

பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. ஒரு ஷேர் ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டினார்.

"இன்னா நைனா, பாலத்து மேல வூடு கட்டிகினு கீறியா?"

"லோடு கொஞ்சம் ஜாஸ்திண்ணா."

"அது தெரியுது. மூளை கம்மியா கீதே, அதுக்கு இன்னா பண்ணப்போற?"

அதற்குள் கீழே சுற்றிக்கொண்டிருந்த இரண்டு தெரு மாடுகள் பாலத்தில் ஏறி வந்தன. டிரெய்லருக்கு ஆளுக்கொரு பக்கமாக நின்று சாப்பிட ஆரம்பித்தன. நான் ஹேய் ஹேய் என்று கையை வீசிக்கொண்டு ஓடினேன்.

மாமா ஸ்டியரிங்கை விடாமல் கத்தினார். "விடுடா. அதுங்களாவது எடையக் குறைக்கட்டும்."

அந்த நேரம் பார்த்து அத்தை போன் செய்தார். மாமா ஸ்பீக்கரில் போட்டார். பின்னணியில் மாடுகள் கத்துவது கேட்டது.

"எங்க இருக்கீங்க? மாடுங்க எல்லாம் வாசலையே பாத்துட்டு நிக்குது."

"வண்டலூர் பாலத்துல."

"வைக்கோல் கெடைச்சுதா?"

"கெடைச்சுது. மாடு சாப்பிட்டுட்டிருக்கு."

"எந்த மாடு?"

மாமா கண்ணாடியில் பார்த்தார். "ஒண்ணு செவலை. இன்னொண்ணு புள்ளி போட்டது."

அத்தை போனை வைத்துவிட்டார். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கிண்டல் எல்லாம் தாங்கிக்கொள்ளலாம். வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கும் பன்னிரண்டு மாட்டுக்கு என் பச்சைக் கட்டத்தை எடுத்துக் காட்ட முடியாது.

அப்போதுதான் பின்னாலிருந்து கரும்புகை தெரிந்தது. அந்தப் புகையை எங்கே பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும். முதுகு நிறைய செம்மண் மூட்டையோடு, ஒரு திணறல் இல்லாமல் பாலம் ஏறி வந்து எங்களுக்கு முன்னால் நின்றது அந்த டீசல். எபி அண்ணன் இறங்கினார். வண்டியைப் பார்த்தார், மாடுகளைப் பார்த்தார், சக்கரத்துக்கடியில் இருந்த கட்டைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"தம்பி, கொசு மருந்து அடிக்கட்டுமா?"

"அடிங்கண்ணா."

அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. (கேட்டிருந்தா பரவால்ல. கேக்காம கயிறு எடுத்தாரு பாருங்க, அதான் வலிச்சது.) தடிமனான கயிற்றை இரண்டு வண்டிக்கும் நடுவில் கட்டினார். ஷேர் ஆட்டோக்காரரும் சவாரிகளும் இறங்கி வந்து டிரெய்லரைத் தள்ளினார்கள். டீசல் ஒரு உறுமல் உறுமியது. புகை முழுவதும் நேராக என் முகத்தில் அடித்தது. செம்மண், எங்கள் வண்டி, டிரெய்லர், எழுபது கட்டு (மைனஸ் மாடு தின்னது), எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்ப் பாலத்தின் உச்சியில் விட்டது.

கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தபோது தூறல் விழ ஆரம்பித்திருந்தது. மாடுகள் என்னிடம் எதுவும் கேட்காமல் சாப்பிட்டன. ராத்திரி சாப்பாட்டுக்கு அத்தையிடமிருந்து நெய் இல்லாத தோசை வந்தது. நான் புரிந்துகொண்டேன்.

மாமா கேஸ் வண்டியை விற்கவில்லை. பால் கேனுக்கு அது தங்கமான வண்டி. என் கணக்கும் அந்தப் பாதிக்குச் சரிதான். வைக்கோலுக்கு மட்டும் எபி அண்ணனின் டீசல் வருகிறது, வாடகைக்குப் பதில் சாணம். டீசல் புகையில் முகமெல்லாம் கரி ஆகும் நடை அது. லோடு ஏற்றும் ஆளாக நான்தான் போகிறேன், இது அத்தை போட்ட தண்டனை.

ஆனால் அத்தை அதோடு நிறுத்தவில்லை. இந்தப் பொங்கலுக்கு எங்கள் கேஸ் வண்டியைத் தாம்பரத்தில் பெயின்டரிடம் விட்டார்கள். எல்லோரும் பின்பக்கம் சாமி பேரோ பிள்ளைகள் பேரோ எழுதுவார்கள். அத்தை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். பெயின்டர் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு, மஞ்சள் எழுத்தில் சிவப்பு நிழல் கொடுத்து அழகாக எழுதினார்: காய்ந்த வைக்கோல் மட்டும்.

போன வாரம் பெருங்களத்தூர் சிக்னலில் நின்றோம். பக்கத்தில் பைக்கில் வந்தவர் அதைப் படித்துவிட்டு ஜன்னலைத் தட்டினார்.

"பால் வண்டிதானேண்ணா? பின்னாடி இன்னா இப்படி எழுதிகீது?"

மாமா இன்ஜினை நிறுத்தினார். என் தோளில் கையைப் போட்டு, என் முகம் நன்றாகத் தெரியும்படி ஜன்னல் பக்கம் திருப்பினார்.

"இவர் இன்ஜினியர்" என்று ஆரம்பித்தார். சிக்னலில் பச்சை விழுந்தது. அவர்கள் இரண்டு பேருமே கிளம்பவில்லை.